புதுப்பிப்பு: பத்து கிலோமீட்டரில் அணைந்த வண்டி, காரணம் கிடைத்தது

பூட்டான் போய்வந்தபின் ஐந்து மாதம் கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் நின்ற வண்டி, ஓட்டினால் பத்து கிலோமீட்டரில் அணைகிறது, அடுத்து நேபாளம் கிளம்ப வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஸ்பார்க் பிளக் மாற்றினேன், அப்புறம் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பலனில்லை. "அணைந்ததும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்க தம்பி" என்று மதுரை அண்ணன் சொன்னதுதான் சரி. பிள்ளையார்பட்டி போகும் வழியில் நின்றது. மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. டேங்க்கின் காற்றுக் குழாய் அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும்.

அடைத்தது குளவி என்று நான் நினைத்தே பார்க்கவில்லை! குழாய் முனைக்குள் விரல் நீளத்துக்கு அது கூடு கட்டிய நம்ம ஊர்ச் செம்மண் இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்தாதீர்கள், மண் மேலே ஏறிவிடும். குழாயையே மாற்றினேன். புதுக்கோட்டை வரை போய்வந்தாயிற்று, எங்கும் நிற்கவில்லை.

கார்னே, அதாவது வண்டியைத் தற்காலிகமாக வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதற்கான சுங்க ஆவணம், அதைப் பற்றியும் கேட்டிருந்தேன். இந்தியப் பதிவு வண்டிக்கு நேபாளத்தில் அது தேவையில்லை. எல்லைச் சுங்கத்தில் நாள் கணக்குக்குப் பணம் கட்டி 'பன்சார்' சீட்டு வாங்க வேண்டும், அசல் ஆர்சி கையில் இருக்க வேண்டும். இரண்டு நாள் கூடுதலாகவே கட்டப்போகிறேன்.