ஸ்பானியத்தில் மரியாதை ஏவல்: 'உஸ்தேத்' வடிவத்தை எப்படி அமைப்பது?

மொழிப்பயணி:

அனைவருக்கும் வணக்கம். நெருங்கியவரிடம் 'தூ' முறையில் 'ஆப்லா' (பேசு), 'கோமே' (சாப்பிடு) என்று சொல்லப் பழகிவிட்டேன். மூத்தவரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் 'உஸ்தேத்' முறையில் பேசும்போதோ அவை 'ஆப்லே', 'கோமா' என்று ஈறு மாறி நிற்கின்றன. 'தெனேர்' (வைத்திருத்தல்) என்ற வினை ஏன் 'தேங்கா' ஆகிறது என்பதும் விளங்கவில்லை. மேலும், 'சியேந்தேசே', 'சியேந்தாசே' என இரண்டு வடிவங்களைப் பார்த்தேன். இவற்றில் எது சரி என்று விளக்க வேண்டுகிறேன்.

வினையடி:

வணக்கம். அகராதி வடிவத்திலிருந்து தொடங்காமல், நிகழ்காலத்தில் 'நான்' என்பதற்குரிய வடிவத்திலிருந்து தொடங்குங்கள். அதன் இறுதி ஓகாரத்தை நீக்கிவிட்டு, அகராதி வடிவம் 'ஆர்' என்று முடிந்தால் ஏகாரத்தையும், 'ஏர்' அல்லது 'இர்' என்று முடிந்தால் ஆகாரத்தையும் சேர்த்தால் மரியாதை ஏவல் கிடைத்துவிடும். ஆப்லோ, ஆப்லே; கோமோ, கோமா. 'தெனேர்' வினைக்கு 'நான்' வடிவம் 'தேங்கோ' என்பதால்தான் 'தேங்கா' வருகிறது. 'தீகோ' என்பதிலிருந்து 'தீகா' (சொல்லுங்கள்) வருவதும் இவ்வாறே.

பலரை ஒன்றாக விளிக்கும்போது இறுதியில் 'ன்' சேர்கிறது. மாட்ரிட் மெட்ரோவில், வளைவில் அமைந்த நிலையங்களை ரயில் நெருங்கும்போது, பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடையே கால் சிக்காதபடி எச்சரிக்கும் அறிவிப்பில் 'தேங்கான் குயிதாதோ' (கவனமாக இருங்கள்) என்று கேட்பது இந்த வடிவத்தைத்தான்.

தே (கொடுங்கள்), எஸ்தே (இருங்கள்), பாயா (செல்லுங்கள்), சேயா (இதுவும் 'இருங்கள்'), சேபா (அறியுங்கள்) ஆகிய ஐந்தை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். இவற்றின் 'நான்' வடிவங்களான தோய், எஸ்தோய், போய், சோய், சே ஆகியவற்றில் நீக்குவதற்கு இறுதி ஓகாரமே இல்லை. ஆகவே இவை விதிக்குள் அடங்காமல் போனதற்கும் காரணம் இருக்கிறது.

சொல்வனம்:

மேலே உள்ள விளக்கம் மிகச் சரியானது. 'சியேந்தேசே', 'சியேந்தாசே' இரண்டுமே சரியான வடிவங்கள்தாம், ஆனால் வெவ்வேறு வினைகள். முதலாவது 'சென்தார்சே' (உட்காருதல்) என்பதன் ஏவல். இரண்டாவது 'சென்திர்சே' (உணர்தல்) என்பதன் ஏவல். இரண்டுக்கும் 'நான்' வடிவம் 'மே சியேந்தோ' என்று ஒன்றாகவே இருப்பதால், அதை மட்டும் பார்த்து ஈற்றெழுத்தைத் தீர்மானிக்க முடியாது. அகராதி வடிவத்தையும் பார்த்தாக வேண்டும். மருத்துவர் நாற்காலியைக் காட்டி 'சியேந்தேசே' என்பார். விருந்தினரிடம், தங்கள் வீட்டில் இருப்பதுபோல் உணருங்கள் என்று சொல்ல 'சியேந்தாசே கோமோ என் சூ காசா' என்பார்கள். ஓர் உயிரெழுத்தில் பொருளே மாறிவிடுவதால் இந்த இணையைச் சத்தமாகச் சொல்லிப் பழகுவது நல்லது.

எதிர்மறையில் வினை வடிவம் மாறுவதில்லை. 'சே' மட்டும் முன்னே வந்து 'நோ சே சியேந்தே' (உட்காராதீர்கள்) என்றாகிறது. 'தூ' முறையில் எதிர்மறைக்கென வேறு வடிவம் தேவைப்படுவதை நினைத்தால், இந்த வகையில் மரியாதை ஏவல் எளிது என்றே சொல்வேன்.

தென்கரை:

ஒரு கூடுதல் குறிப்பு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நண்பர்கள் பலரை அழைக்க 'போசோத்ரோஸ்' என்ற தனிச்சொல்லும் அதற்கான ஏவலும் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அந்த வழக்கம் இல்லாததால், குழந்தைகள் கூட்டத்தைக்கூட 'பேங்கான்' (வாருங்கள்) என்றுதான் அழைப்பார்கள். எனவே பன்மையில் இந்த வடிவத்தைக் கேட்டதும் அங்கே மரியாதைத் தொனி இருப்பதாகக் கொள்ள வேண்டாம். எழுதும்போது 'புஸ்கார்' (தேடுதல்), 'பகார்' (பணம் செலுத்துதல்) போன்ற வினைகளில் வினையடி இறுதியிலுள்ள 'k', 'g' ஓசைகளைக் காப்பாற்ற எழுத்துக்கூட்டல் மாறும். உச்சரிப்பு புஸ்கே, பாகே என்றே இருக்கும்.

மொழிப்பயணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜன்னலைப் பற்றி, 'அதைத் திறக்காதீர்கள், மூடுங்கள்' என்று சொல்ல 'நோ லா ஆப்ரா, சியேர்ரேலா' என்று அமைத்திருக்கிறேன். சரிதானா?

வினையடி:

முற்றிலும் சரி. 'சியேர்ரோ' என்ற 'நான்' வடிவத்திலிருந்து தொடங்கியதால் வினையடியின் மாற்றமும் தானாகவே வந்துவிட்டது. எழுதும்போது மட்டும், பின்னால் 'லா' ஒட்டினாலும் அழுத்தம் நகராமல் இருப்பதைக் காட்ட, முதல் அசையிலுள்ள ஏகார எழுத்தின் மேல் அழுத்தக்குறி இடுங்கள். 'நோ லா ஆப்ரா' என்பதற்கு அது தேவையில்லை.