கை கால் நல்லா இருக்கறப்பவே சீனியர் லிவிங் போகணுமா?

மாடிவீட்டுக்காரன்: எனக்கு 71, வீட்டம்மாவுக்கு 68. ஆளுக்கொரு பிபி மாத்திரை, மத்தபடி ஒண்ணும் இல்ல. பையன் சீனியர் லிவிங், அதான் வயசானவங்களுக்குன்னே இருக்கற குடியிருப்பு, பாருங்கப்பான்னு சொல்லிட்டே இருக்கான், நல்லா இருக்கறப்ப எதுக்கு அங்க போய் உக்காரணும், இன்னும் அஞ்சு வருஷம் போகட்டுமேன்னு நான். ஆனா போன மாசம் மாடிப்படி முடிஞ்சுதுன்னு நெனச்சு இவ காலை வெச்சா, இன்னொரு படி இருந்திருக்கு, கைப்பிடிய புடிச்சிருந்ததால தப்பிச்சா. அதுலேந்து ராத்திரி அவ எந்திரிச்சாலே எனக்கு முழிப்பு வந்துடுது. போனவங்க எப்ப முடிவு பண்ணீங்க?

பழையகணக்கு: சார், அந்தப் படிய லேசா விடாதீங்க. 65 தாண்டினவங்கள்ல வருஷத்துக்கு 28லேந்து 35 சதவீதம் பேர் விழறாங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. முடியாம போனப்புறம் போயிக்கலாம்னா அதுலயும் சிக்கல், நிறைய இடத்துல தானா குளிச்சு தானா நடமாடறவங்களுக்குத்தான் தனி வீடு, மத்தவங்க கூட ஆள் இருந்து பாத்துக்கற அசிஸ்டட் லிவிங்தான், பீஸும் ஜாஸ்தி, சில இடத்துல புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம்னு ஆயிடும். வெயிட்டிங் லிஸ்ட் வேற. பேரையாவது குடுத்து வைங்க. உயிலும் இப்பவே எழுதிடுங்க, ஞாபகம் தடுமாற ஆரம்பிச்சா அப்புறம் கையெழுத்து செல்லுமாங்கறதே பிரச்சினை.

ரெண்டாவதுபொண்ணு: எங்கம்மா 'அப்புறம் அப்புறம்'னே தள்ளிட்டு இடுப்பு எலும்பு உடைஞ்சப்புறம்தான் போனாங்க. ஆஸ்பத்திரி வராண்டால நின்னுகிட்டு போன்லயே நாங்க இடம் முடிவு பண்ணினோம், அம்மாவ யாரும் கேக்கவே இல்ல. அவசரத்துல பழைய கண்ணாடிய பேக் பண்ணிட்டோம், ரெண்டு வாரம் அத போட்டுகிட்டே பேப்பர் படிச்சிருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லல. 'நீங்க கொண்டு வந்து விட்டீங்க'ன்னுதான் இன்னிக்கும் பேச்சு. நீங்களா போங்க அங்கிள்.

திரும்பிவந்தவன்: நான் எதிர்க்கட்சி. 66 வயசுல போய் எட்டு மாசத்துல திரும்பிட்டேன். இடம் பிரமாதம், ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஈ காக்கா இருக்காது, விசிட் போனப்ப காலைல பாத்துட்டு ஏமாந்தேன். டெபாசிட்லயும் ஒரு பங்கு போச்சு, அக்ரிமென்ட்ல இருந்தது, நான்தான் படிக்கல. மாச மெயின்டனன்ஸ் எவ்வளவு ஏத்துவாங்கன்னும் பாருங்க. கெஸ்ட் ரூம்ல ஒரு மாசம் இருந்து பாக்காம வீட்டை விக்காதீங்க.

மாடிவீட்டுக்காரன்: எல்லாத்தையும் இவகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒரு மாசம் இருந்து பாக்கலாம்ங்கறா, தையல் மெஷினும் கூட வரணுமாம். நாளைக்கு போன் பண்றேன்.