தரம் 2 கழித்தலுக்கு ஸ்மார்ட் போர்ட் பாவிக்கிறது எப்படி?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்ட் வந்திருக்கு. இன்ரநெற் இழுக்காது. 43 - 17 மாதிரிக் கடன் வாங்கிக் கழிக்கிறதை இதில எப்படிக் காட்டலாம்? வீடியோ போட்டால் பிள்ளையள் வாயைப் பிளந்து பார்க்குதுகள், கணக்கு ஏறேல்லை.

மாங்குளத்தான்:
வீடியோவை விடுங்கோ ரீச்சர். ஜியோஜீப்ரா எண்ட கணித மென்பொருள் இலவசம், இறக்கி வைச்சால் இன்ரநெற் தேவையில்லை. 4 பத்துக்கட்டு, 3 தனிக்குச்சி கீறுங்கோ. ஒரு கட்டை உடைச்சால் 3 கட்டு, 13 குச்சி. பிள்ளையே விரலால 17ஐ இழுத்து ஒதுக்கட்டும். மிச்சம் 26.

புதுக்குடியிருப்பு அக்கா:
முதல்ல ஈர்க்குக் கட்டைக் கையில குடுங்கோ, பிறகு போர்ட். ஒராள் இழுக்கேக்க மற்றவை கதைச்சுக்கொண்டு இருப்பினம். கரண்ட் போனாலும் ஈர்க்கு இருக்கும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
ஈர்க்கு சரி அக்கா. ஆனா முன்வாங்கு வாய்க்காரர் போர்ட்டை விடமாட்டினமே!

மாங்குளத்தான்:
பேரைச் சீட்டில எழுதிக் குலுக்குங்கோ.