எந்தத் தொண்டுக்குக் கொடுக்கிறீர்கள், ஏன்?

கேள்வி: மாதாமாதம் ஒரு தொகை கொடுக்க நினைக்கிறேன். நீங்கள் யாருக்குக் கொடுக்கிறீர்கள்? ஏன்?

பதில் 1: அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் தொடங்கியது. புற்றுநோய் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். காசில்லாமல் பாதியில் நிறுத்தினால் நோய் முற்றிவிடும். அதனால் சிறு தொகையானாலும் விடாமல் கொடுங்கள்.

பதில் 2: வங்கி வழியாக அனுப்பி, பான் எண்ணோடு ரசீது வாங்குங்கள். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு கிடையாது. அரிசி, துணியாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரிமுறையில் இந்தக் கழிவே இல்லை.

பதில் 3: பணமில்லாதவரும் கண் தானம் செய்யலாம்! இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று பட்டால் கருவிழி உலர்ந்துவிடும். தலையணை வைத்துத் தலையை உயர்த்தி, உடனே கண் வங்கியை அழையுங்கள். கண்புரை அறுவை செய்தவரும் கொடுக்கலாம். உறுதிப் படிவம் மட்டும் போதாது, வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள்தான் அழைக்கப்போகிறவர்கள்.