பின் பிரேக் கீச்சிடுகிறது: சர்வீஸ் போதுமா, செட்டையே மாற்றவா?

பீடோர்_ஸ்விஃப்ட்:
காடி சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 மேனுவல், பழைய இசட்சி31 மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க். பிரச்சினை பின் இடது சக்கரத்தில். எஸ்டேட் ரோட்டில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் கீச்சென்று ஒரு சத்தம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அழுத்தி மிதித்தால் சத்தம் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னும் மோசம். ஹேண்ட் பிரேக்கை ஒரு பல் இழுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், நின்றுவிடுகிறது. சில சமயம் பிரேக்கே மிதிக்காமல் ஓடினாலும் சுற்றுக்கு ஒரு தடவை உரசுகிற சத்தம் வருகிறது.

இங்கே மலேசியாவில், பீடோரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பேட் மாற்றி டிஸ்க்கை ஸ்கிம் பண்ணினால் (மேல்முகத்தைச் சீவிச் சமமாக்கினால்) போதும் என்றார்கள். கூட வேலை செய்கிற நண்பன், பழைய காடிக்கு எத்தனை தடவை ஒட்டுப் போடுவாய், கோடு வெட்டிய டிஸ்க்கும் மெட்டல் பேட்டும் போட்டுவிடு என்கிறான். கேமரன் மலைக்கும் அடிக்கடி போவேன். என்ன செய்யலாம்?

சுங்காய்_ட்யூன்:
உங்கள் நண்பன் சொல்வதுதான் சரி. அந்த மாடலில் புதுசு என்று பார்த்தாலும் பதினைந்து வயதாகிவிட்டது. அதில் பேட் மட்டும் மாற்றுவது சும்மா. கோடு வெட்டிய டிஸ்க் போட்டால் தூசியும் மழைத் தண்ணீரும் பேட்டுக்கு அடியில் தங்காது. கூடவே செமி மெட்டாலிக் பேட், இரும்பு வலை சுற்றிய பிரேக் ஹோஸ், புது டாட் 4 பிரேக் ஆயில். நான் என் காடிக்கு நான்கு பக்கமும் போட்டுவிட்டேன். மிதித்தால் நிற்கிறது, அவ்வளவுதான். கேமரனிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பழைய_ஃபோர்மேன்:
தம்பி, காசு எடுப்பதற்கு முன்னால் காடியை ஜாக்கில் ஏற்றுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பிரேக் மிதிக்காதபோதும் உரசுகிறது என்றால் பேட் டிஸ்க்கை விட்டு முழுதாக விலகவில்லை. புதுப் பேட் போட்டாலும் அதுவும் விலகாது.

பின் பிரேக்குக்கு வேலை குறைவு. மிதித்தவுடன் எடை முன்னால் சாய்கிறது. இந்த மாதிரிச் சின்ன முன்சக்கரக் காடியில், பலமாக நிறுத்தும்போது பத்தில் ஏழு பங்குக்கு மேல் முன் பிரேக்தான் தாங்கும். அதனால் பின் பேட் தேய்வது மெதுவாக, கெடுவது வேறு விதமாக. சூடே ஏறாமல் அதன் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். டிஸ்க்கின் விளிம்பில் துருக்கட்டி ஒரு மேடு நிற்கும். லேசாகத் தொட்டால் அந்த வழவழப்பு பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிரும். அந்த அதிர்வுதான் கீச். அழுத்தி மிதித்தால் பேட் அசைய இடமில்லை, சத்தம் அடங்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தபோது அடங்கியதும் அதனால்தான். அதற்காக அப்படியே ஓட்டாதீர்கள், சூடேறி இருக்கிற பேட்டும் போய்விடும்.

இந்தக் காடியில் ஹேண்ட் பிரேக் கேபிள் நேராகப் பின் கேலிப்பரிலேயே, அதாவது பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கவ்வியிலேயே, வந்து சேர்கிறது. கேலிப்பருக்கு வெளியே ஒரு சின்ன லீவர், அதற்கு ஒரு ஸ்பிரிங். துருப்பிடித்தால் லீவர் இழுத்த இடத்திலிருந்து முழுதாகத் திரும்பாது. லோரி ஓடும் செம்மண் ரோட்டில் இது சாதாரணம். மண் ஒட்டும், மழை நனைக்கும், வெயில் காய வைக்கும். கேலிப்பர் நகர்கிற இரண்டு ஸ்லைடு பின்களின் (கம்பிகளின்) ரப்பர் கிழிந்திருந்தால் உள்ளேயும் மண்.

இடது, வலது இரண்டையும் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒன்று லேசாகவும் மற்றது இறுக்கமாகவும் சுற்றினால் வேறு சோதனையே வேண்டாம்.

சுங்காய்_ட்யூன்:
அண்ணே, நீங்கள் சொல்கிற சர்வீஸ் எந்த ஒர்க்‌ஷாப்பில் நடக்கிறது? பேட்டைக் கழற்றுவார்கள், புதியதை மாட்டுவார்கள், பழைய ஷிம்மைக் குப்பையில் போடுவார்கள். ஒரு மாதத்தில் சத்தம் திரும்ப வரும். அதற்குப் புதுச் செட் போட்டுவிட்டால் நிம்மதி.

பழைய_ஃபோர்மேன்:
ஷிம் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. பேட்டின் முதுகில் இருக்கிற அந்தத் தகடும், ஓரத்தில் இருக்கிற கிளிப்பும்தான் அதிர்வை அடக்குகின்றன. அதை எறிந்துவிட்டுப் பேட் மட்டும் மாட்டினால் எந்த பிராண்டும் கத்தும். ஆனால் சோம்பேறி வேலைக்கு மருந்து விலை அதிகமான டிஸ்க் இல்லை. அதே ஆள்தான் உங்கள் புதுச் செட்டையும் மாட்டப் போகிறார்.

இன்னொன்று. மெட்டல் பேட்டும் கோடு வெட்டிய டிஸ்க்கும் சத்தத்தைக் குறைக்கிற சாமான்கள் இல்லை. மெட்டல் பேட் குளிரில் இன்னும் கத்தும், கோடு வெட்டிய டிஸ்க் மிதிக்கும்போது ஹூம் என்று ஒரு ஓசை போடும். தம்பி கேட்டது சத்தத்துக்கு வழி.

தெலுக்_டீச்சர்:
நடுவில் நுழைகிறேன். என்னுடையது பெரொடுவா மைவி, பின்னால் டிரம் பிரேக். மழை பெய்த மறுநாள் காலையில் எடுத்தால் கரகரவென்று கத்தும், தாமான் (குடியிருப்பு) வாசலைத் தாண்டுவதற்குள் சரியாகிவிடும். ராத்திரி ஈரத்தில் படிந்த மேல் துருவை இரண்டு மிதி துடைத்துவிடுகிறது, அதற்கெல்லாம் செலவு செய்யத் தேவையில்லை என்று என் தம்பி சொன்னான்.

ஆனால் போன வருடம் வேறு விதமாகக் கத்தியபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டிரம்மைத் திறந்து எதையோ ஸ்ப்ரே அடித்து மூடினார்கள். சத்தம் போனது, பிரேக்கும் போனது. மிதித்தால் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. வேறு இடத்தில் ஷூவையே மாற்ற வேண்டி வந்தது.

பழைய_ஃபோர்மேன்:
டீச்சர், நல்ல வேளை உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உரசும் முகத்தில் எண்ணெயோ துருநீக்கி ஸ்ப்ரேயோ ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் பேட்டும் ஷூவும் அதை உறிஞ்சிக்கொள்ளும், கழுவினாலும் வராது. துடைப்பதற்கு பிரேக் கிளீனர் மட்டும்தான். கிரீஸ் பேட்டின் முதுகிலும், அது உட்கார்ந்து நகரும் காதுகளிலும் மெல்லிசாக. ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ். பேரிங் கிரீஸை ஸ்லைடு பின்னில் தடவுகிற ஆள்கள் இருக்கிறார்கள். அது ரப்பரை ஊத வைத்துவிடும், அப்புறம் ஸ்லைடு பின் அசையவே அசையாது.

சுங்காய்_ட்யூன்:
சரி, கேலிப்பரைக் கழுவிக் கிரீஸ் போடட்டும். அதோடு நிறுத்த வேண்டும் என்று ஏன் சொல்கிறீர்கள்? மலையில் இறங்கும் காடிக்குப் பின்னாலும் பலமான பிரேக் வேண்டாமா? தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உயரம். அங்கிருந்து ரிங்லெட் வழியாக தாப்பா வரைக்கும் வளைவுக்குப் பின்னால் வளைவு.

பழைய_ஃபோர்மேன்:
பின்னால் மட்டும் பிடி கூடுவது ஆபத்து. இறங்கும்போது எடை ஏற்கெனவே முன்னால். பின் சக்கரம் தரையை லேசாகத்தான் தொடுகிறது. அங்கே பேட் அதிகமாகக் கடித்தால் முதலில் பூட்டிக்கொள்வது பின் சக்கரம். முன் சக்கரம் பூட்டினால் காடி நேராக வழுக்கும், பின் சக்கரம் பூட்டினால் சுற்றும். ஈரமான வளைவில் சுற்றினால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

சுங்காய்_ட்யூன்:
இதெல்லாம் பழைய காலத்துக் கதை அண்ணே. சக்கரம் பூட்டாமல் பார்க்கிற ஏபிஎஸ் இருக்கிறது, முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற இபிடி இருக்கிறது. பின் சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் கம்ப்யூட்டரே அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

பழைய_ஃபோர்மேன்:
குறைக்கும். அப்படியானால் காசு எதற்குக் கொடுத்தீர்கள்? பின் பேட் சீக்கிரம் கடிக்கிறது, இபிடி சீக்கிரம் அழுத்தத்தைக் குறைக்கிறது. நிற்கிற தூரம் அதே தூரம். கடைசியில் காடியை நிறுத்துவது டயர். நான்கு பக்கமும் ஒரே மாதிரி மாற்றினால் அது வேறு கணக்கு, நீங்கள் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள். இந்தத் தம்பியைப் பின்னால் மட்டும் மாற்றச் சொல்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆயில் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்றால் புதுசில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் கொதித்தால் பைப்பில் ஆவி, பெடல் அடிவரைக்கும் போகும். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அப்புறம் கியரைக் குறைத்து இறங்குங்கள். மேனுவல் காடி வைத்துக்கொண்டு ரிங்லெட்டிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே வருகிறவர்களை என்ன சொல்வது?

பீடோர்_ஸ்விஃப்ட்:
ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக் கொட்டகையில் ஏற்றிப் பார்த்தோம். வலது பக்கம் கையால் தள்ளினால் சுற்றுகிறது. இடது பக்கம் தள்ளிய இடத்திலேயே நிற்கிறது. கழற்றினால் உள்பக்கப் பேட் இரும்பைத் தொடுகிற நிலைமை, வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. மேல் ஸ்லைடு பின் நகர்கிறது, கீழ் ஸ்லைடு பின் இறுகிக் கிடக்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டு லீவரைத் தட்டினால் பாதியில் நின்றுவிடுகிறது. ஷிம் இரண்டு பக்கமும் இல்லவே இல்லை!

டிஸ்க்கில் உள்முகத்தில் ஆழமாக வரி விழுந்திருக்கிறது. இப்போது கேலிப்பரைப் பிரித்து ரப்பர் செட் போடுவதா, ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த பழைய காடிச் சாமான் விற்கிற ஹாஃப்கட் கடையில் ஒன்று வாங்குவதா?

சுங்காய்_ட்யூன்:
பார்த்தீர்களா, டிஸ்க்கும் போய்விட்டது. சர்வீஸ் போதும் என்றால் இப்போது எப்படிப் போதும்?

பழைய_ஃபோர்மேன்:
டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும் போலிருக்கிறது, மறுக்கவில்லை. டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ ஓரத்திலோ குறைந்தபட்ச கனம் எண்ணாகப் பொறித்திருக்கும், துருவைச் சுரண்டிப் பாருங்கள். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, ஸ்கிம் பண்ணிய பிறகும் அந்த எண்ணுக்கு மேலே நிற்கும் என்றால் ஸ்கிம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் புதுசு, சாதாரண வழவழப்பு டிஸ்க். பின் டிஸ்க் காற்று ஓட்டை இல்லாத ஒற்றைத் தட்டு, மெல்லியது. வரி ஆழமாக இருந்தால் ஸ்கிம்முக்கு மிச்சம் இருப்பது சந்தேகம்தான்.

கேலிப்பருக்கு வருவோம். ஹாஃப்கட் சாமான் உங்கள் காடி வயதுதான். ஜப்பானில் பனிக்கு உப்புத் தூவிய ரோட்டில் ஓடியதா என்று யாருக்குத் தெரியும்? லீவர் தண்டு கையால் அசைந்து, ஸ்பிரிங் தானாகத் திருப்பினால் மட்டும் வாங்குங்கள். உங்களுடையதில் பிஸ்டனில் துருக்குழி இல்லை என்றால் ரப்பர் செட் போட்டு, லீவர் தண்டையும் பிரித்துச் சுத்தம் பண்ணுவதே நல்லது. குழி விழுந்திருந்தால் கேலிப்பர் மாற்றம்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பின் பிஸ்டனை முன்னால் செய்கிற மாதிரி ஜி கிளாம்ப் வைத்து அமுக்கக்கூடாது. உள்ளே ஹேண்ட் பிரேக்குக்கான திருகு இருக்கிறது. அதற்கான கருவியால் திருகிக்கொண்டே உள்ளே விட வேண்டும். அமுக்கி உடைத்த கேலிப்பர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தெலுக்_டீச்சர்:
ஒரு சந்தேகம். காடி கழுவிய பிறகு ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தினால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், மறுநாள் எடுக்கும்போது டக்கென்று விடும் என்கிறார்கள். அதற்காக என் வீட்டுக்காரர் ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதே இல்லை, மேனுவல் காடி என்பதால் கியரில்தான் நிறுத்துகிறார். அது சரியா?

பழைய_ஃபோர்மேன்:
கழுவிய அன்று, சமதரையில், கியரில் விடலாம். எப்போதும் இழுக்காமலே இருந்தால் கேபிளும் லீவரும் அசையாமல் துருப்பிடிக்கும். இந்தத் தம்பியின் காடியை முன்னால் வைத்திருந்தவர் உங்கள் வீட்டுக்காரர் கட்சியாக இருந்திருக்கலாம். கழுவிய பிறகு ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து தடவை மிதித்துக் காயவைத்துவிட்டு இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

சுங்காய்_ட்யூன்:
நான் பேச்சை மாற்றவில்லை. டிஸ்க் புதுசு, பேட் புதுசு, கேலிப்பர் ரப்பர் புதுசு, ஆயில் புதுசு. நான் முதலில் சொன்ன பட்டியலில் ஹோஸ் ஒன்றுதான் பாக்கி. அதையும் போட்டுவிட்டால் குறைந்தா போய்விடும்? பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, மிதித்த அழுத்தத்தைத் திரும்ப விடாமல் பிடித்துவைப்பதும் உண்டு. அப்போதும் பேட் விலகாது.

பழைய_ஃபோர்மேன்:
அது நியாயமான பேச்சு. கேலிப்பரில் ஆயிலை வெளியே விடுகிற பிளீடர் நட்டைத் திறந்தவுடன் சக்கரம் விடுபட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. ஆனால் இங்கே லீவரும் ஸ்லைடு பின்னும் இறுகியது கண்ணுக்கே தெரிகிறது. ஹோஸில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், சாதாரண ரப்பரே போதும். இரும்பு வலை வேண்டும் என்றால் உங்கள் காசு.

பீடோர்_ஸ்விஃப்ட்:
அளந்தாயிற்று. டிஸ்க் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போய்விட்டது, ஸ்கிம் பேச்சுக்கே இடமில்லை. பிஸ்டன் சுத்தமாக இருக்கிறது, அதனால் ரப்பர் செட் வாங்குகிறேன், இரண்டு பக்கத்துக்கும். சாதாரண டிஸ்க், ஷிம்மோடு வருகிற செராமிக் பேட். ஹோஸ் வெடித்திருக்கிறது, அதையும் மாற்றுகிறேன். ட்யூன் அண்ணே, வலை ஹோஸ் அடுத்த போனஸுக்கு. புதுப் பேட்டை எப்படிப் பழக்குவது?

பழைய_ஃபோர்மேன்:
காலையில் லோரி வருவதற்கு முன்னால் தெலுக் இந்தான் போகிற ரோட்டில் நேரான இடமாகப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரைக்கும் நிதானமாக மிதித்து இறக்குங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். எட்டுப் பத்துத் தடவை, நடுவில் கொஞ்சம் ஓடவிட்டு. முடிந்ததும் ஆறவிட்டு ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள். சூட்டோடு ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தாதீர்கள்.

சுங்காய்_ட்யூன்:
செராமிக் என்றால் மலையில் கடி கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும், நான் எச்சரிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். கேமரனுக்குப் போய்வந்து எழுதுங்கள். முன் பேட் எந்த பிராண்ட் என்பதையும் சேர்த்து.