மறு: கிரேட் ரிஃப்ட் - பெரும்பிளவு?

> கிரேட் ரிஃப்டுக்கு பெரும்பிளவுன்னு வச்சுக்கலாமா?

வணக்கம் ஐயா, நம்ம அகராதில கிரேட் ரிஃப்டுக்கு, அதாவது பால்வழி நடுவுல கறுப்பா தெரியற பட்டைக்கு, பிளவு வேண்டாம்னு அழுத்தியே சொல்றேன். பிளவுன்னா அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல, வெறும் இடைவெளின்னு பசங்க மனசுல பதிஞ்சுரும். ஆனா அன்னம் மண்டலத்துல தொடங்கி திருவோணம் பக்கமா இறங்கி தனுசு வரைக்கும் பால்வழியை ரெண்டா வகுந்த மாதிரி கறுப்பா ஓடுதே, அது முழுக்க தூசியும் வாயுவும்தான். பின்னாடி நட்சத்திரங்க இருக்கத்தான் செய்யுது, வெளிச்சம்தான் நம்மகிட்ட வந்து சேரல, அகச்சிவப்புல எடுத்த படத்தைப் பாருங்க, அதே இடத்துல நெருக்கியடிச்சுக்கிட்டு கிடக்கும். விருச்சிகத்துல இப்படி ஒரு இருட்டு இடத்தை வானியலாளர் ஹெர்ஷலே வானத்துல ஒரு திறப்புன்னுதான் எழுதினாரு. 1919ல பர்னார்டுங்கற வானியலாளர் இருண்ட இடங்களை எல்லாம் பட்டியல் போட்டாரு, 1930ல டிரம்ப்ளர்ங்கற இன்னொரு வானியலாளர் நட்சத்திரக் கொத்துகளோட தூரத்தை ஒப்பிட்டு நடுவுல தூசி வெளிச்சத்தைக் குறைக்குதுன்னு காட்டினாரு. அவ்வளவு பாடுபட்டு விலக்கின குழப்பத்தை நாம திரும்ப பெயர்லயே ஏத்தி வைக்கணுமா?

> அப்ப கருந்தடம்?

கரு-வும் ஒத்துவராது. கருந்துளை, கரும்பொருள் (டார்க் மேட்டர்)னு ஏற்கெனவே ரெண்டு இருக்கு, அதுலயும் கரும்பொருள் வெளிச்சத்தை மறைக்கவே மறைக்காது, இது மறைக்கிறது.

என் பரிந்துரை தூசிப்பட்டை. பேரடைகள்ல (கேலக்ஸிகள்ல) தெரியற இந்த மாதிரி கறுப்புக் கோட்டை ஆங்கிலத்துல டஸ்ட் லேன்னு சொல்றாங்களே, அதுக்கும் இதையே வச்சுக்கலாம், அதுதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது. சோம்ப்ரேரோ பேரடை படத்துல குறுக்கால கறுப்பா ஒரு கோடு போகும் பாருங்க, அதுவும் நம்ம வானத்துல தெரியறதும் ஒரே சரக்கு. அதை வெளியேயிருந்து பக்கவாட்டுல பார்க்கிறோம், நம்மளோடதை பால்வழியோட தட்டுக்குள்ளயே உட்கார்ந்து, மையத்துலேர்ந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருந்து பார்க்கிறோம். பொதுவா தூசிப்பட்டை, நம்ம பால்வழில தெரியறதுக்கு மட்டும் பெருந்தூசிப்பட்டை.

> தூசு-ன்னு போட்டா இன்னும் சுருக்கமா இருக்குமே

இருக்கும், ஆனா பழைய இலக்கியத்துல தூசுன்னா துணி, தூசுப்பட்டைன்னா பட்டுச்சேலை கரை மாதிரி ஆயிடும். தூசி எல்லாரும் பேசற சொல், அதுவே இருக்கட்டும்.

நிறமாலையை ஆராயறவங்க மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறமாலைல வர்ற பேண்டுக்கு நீங்க பட்டைன்னு புழங்கறதோட இது மோதுமா? மோதாதுன்னா அகராதி வரைவுல ஏத்திடலாம்.