நலநிதியில் ஒரு பங்கை நாய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

விளைக்காரன், குலசேகரம்

நம் குழுமம் வருடந்தோறும் சேர்க்கிற நலநிதியை எதற்குக் கொடுப்பது என்று இந்த மாதக் கடைசிக்குள் முடிவெடுக்க வேண்டும். படிப்புச் செலவு, டயாலிசிஸ் உதவி எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். ஒரு பங்கை மட்டும் நாய்களுக்கு வரும் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று முன்வைக்கிறேன். நமக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.

விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவனுக்கு நாய்தான் துணை. பாம்போ பன்றியோ, முதலில் அதன் கண்ணில்தான் படும். அந்த நாய்க்கு எங்கள் பக்கம் பெரிய எதிரி உண்ணி. காதுமடலுக்குள், விரலிடுக்கில், வாலடியில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போடுவோம். அப்படிப் பார்த்தும் போன வருடம் எங்கள் செவலை சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈறு வெளுத்தது, மறுநாள் மூக்கில் ரத்தம். உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். உண்ணி பரப்புகிற கிருமிகளில் எர்லிக்கியாவா, பபீசியாவா என்று கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்த்ததில் தெரியவில்லை. கிருமி குறைவாக இருந்தால் அந்தச் சோதனையில் சிக்காது. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். பபீசியாவில் கிப்சோனி என்ற வகைக்கு அது போதாது, வேறு விலையுயர்ந்த மருந்து வேண்டும். எது என்று தெரிவதற்குள் செவலை போய்விட்டது.

எர்லிக்கியாவுக்கு நாய்த் தடுப்பூசி இன்றுவரை சந்தையில் இல்லை. ஊர் டாக்டர் மேஜையிலேயே செய்யக்கூடிய, சாதாரண வீட்டுக்கும் கட்டுப்படியாகிற ஒரு சோதனையாவது வேண்டாமா?

முட்டத்துக்காரன்

அண்ணாச்சி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் என் ஓட்டு இல்லை என்பதுதான். எங்கள் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்ததும் கழிவுக்கு நாய் கூடும். அக்கா மகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னப்பிள்ளை, உயரம் குறைவு, கடி கன்னத்தில் விழுந்தது. முகத்தில் ஆழமான கடி என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தும் காயத்திலேயே போட வேண்டும். முதலில் போன ஆஸ்பத்திரியில் அது இல்லை. ராத்திரியில் வண்டி பிடித்து இன்னொரு இடத்துக்கு ஓடினோம். பிள்ளை நன்றாக இருக்கிறாள், ஆனால் இன்றும் அந்த வழியாகத் தனியாகப் போகமாட்டாள்.

அந்த மருந்து எல்லா இடத்திலும் இருக்கட்டும். அதற்கப்புறம் நாய்க்கு ஆராய்ச்சி பற்றிப் பேசலாம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. அதே மாதத்தில், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று மாற்றியது. அதாவது தெருவில் நாய் இருக்கத்தான் போகிறது, கடிபடுவதும் நாங்கள்தான். எங்கள் பணமும் அதற்கே போக வேண்டுமா?

கோட்டாறு செல்வி

நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி சொல்வதோடு சேர்ந்து நிற்கிறேன், ஆனால் காரணம் வேறு. நாய்மேல் எனக்குக் கோபமில்லை.

“லேசாத்தான் பட்டி கடிச்சுது, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டேன்” என்று மூன்று நாள் கழித்து வருவார்கள். கடிபட்ட உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது. சோப்பும் தண்ணீரும் அந்தக் கிருமியின் மேலுறையைக் கரைத்துவிடும். அப்புறம் முதல் ஊசி, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று வரவேண்டும். முதல் இரண்டுக்கு வருவார்கள், மூன்றாவதுக்கு வரமாட்டார்கள். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிறதே! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் கணக்குப்படி நம் நாட்டில் வருடத்துக்கு 91 லட்சம் விலங்குக்கடி, அதில் நான்கில் மூன்று நாய்க்கடி. ரேபிஸில் சாகிறவர்கள் 5,700-க்கு மேல். அந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவதென்பது அநேகமாக இல்லை. வார்டில் அதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இதைத் தடுக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஊரில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு வருடாவருடம் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிப் பல வருடம் ஆகிறது. கோவாவில் 2013-இலிருந்து ஒரு தொண்டு நிறுவனமும் அரசும் சேர்ந்து வீடுவீடாக, தெருத்தெருவாகப் போனார்கள். வலையில் பிடித்து ஊசி போட்டு, செல்போனில் பதிந்து விட்டார்கள். 2021-இல் ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவித்தார்கள். தெரிந்ததைச் செய்வதற்கே பணம் இல்லாதபோது, தெரியாததைத் தேடப் பணம் எதற்கு?

வடசேரி வாசகன்

செல்வி அக்கா கேட்டது நல்ல கேள்வி. ஒரு பழைய கதையைச் சொல்கிறேன்.

1920-களில் இங்கிலாந்தில் டிஸ்டெம்பர் நோயில் நாய்கள் கூட்டமாகச் செத்தன. கண்ணில் பீளை, காய்ச்சல், கடைசியில் வலிப்பு. நம் ஊர்க் குட்டிகளுக்கும் வருகிறதே, அதேதான். ‘ஃபீல்டு’ என்ற வேட்டை இதழ் தன் வாசகர்களிடம் நிதி திரட்டியது. கொடுத்தவர்கள் நாய் வளர்ப்பவர்கள்தான். அந்தப் பணத்தில் லண்டன் மில் ஹில்லில் லெய்ட்லா, டங்கின் என்ற இருவர் வேலை செய்தார்கள். கீரி போலத் தோற்றமுள்ள ஃபெரட் என்ற பிராணிக்கும் டிஸ்டெம்பர் தொற்றும் என்பதால், அதை வைத்து ஆராய்ந்து அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தடுப்பூசியும் கொண்டுவந்தார்கள்.

1933-இல் இன்ஃப்ளுயன்சா வந்தபோது நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரை இதே லெய்ட்லாவும் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ் இருவரும் ஃபெரட்டுக்குக் கொடுத்தார்கள். அது தும்மியது. மனித ஃப்ளூ வைரஸ் முதன்முதலாகக் கைக்குச் சிக்கியது அப்படித்தான். 1918-இல் கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற நோய் வகையின் காரணி, நாய்க்காகக் கொடுத்த பணத்தால் உருவான வேலையின் வழியாகத் தெரியவந்தது.

இன்னொன்றும் உண்டு. பிறவியிலேயே பார்வை மங்கிய பிரியார்ட் இன நாய்களுக்கு மரபணுச் சிகிச்சை செய்து பார்வை வந்ததை 2001-இல் வெளியிட்டார்கள். அதே குறை உள்ள பிள்ளைகளுக்கான மருந்துக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

முட்டத்துக்காரன்

அந்தக் கண் மருந்தின் விலையையும் சொல்லுங்கள் அண்ணே. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர் என்றுதான் விற்பனைக்கு வந்தது. வள்ளத்தில் போகிறவன் பிள்ளைக்கு அது எந்தக் காலத்தில் எட்டும்? ஃபெரட் தும்மியது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஊர்ப் பணத்தைக் கொடுக்க முடியாது.

கால்நடை மாணவி, தக்கலை

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதிர்ஷ்டம் வேண்டாம், நம் மண்ணுக்கு வேண்டியதை மட்டும் பேசுவோம்.

முதலில் எலிக்காய்ச்சல். இதற்குக் காரணமான லெப்டோஸ்பைரா கிருமி எலி, மாடு, பன்றி, நாய் எல்லாவற்றின் மூத்திரத்திலும் வரும். நாய் பார்வைக்கு நன்றாக இருந்தபடியே மாதக்கணக்கில் வெளியே விடலாம். தேங்கிய தண்ணீரில் காலில் வெடிப்போடு நிற்கிறவனுக்கு அது ஏறும். வயல் ஏலாவில் இறங்குகிறவர்களும் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களும் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் லெப்டோவில் வகைகள் நிறைய. எந்த வகையை வைத்து ஊசி செய்தார்களோ அந்த வகைக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும். நம் பக்கத்து நாய்களிடம் சுற்றுகிற வகை எது என்று பார்த்தால்தான் நாம் போடுகிற ஊசி பொருந்துகிறதா என்றே சொல்ல முடியும். இதற்குப் பெரிய ஆய்வகம் கட்ட வேண்டாம். ரத்தமும் மூத்திரமும் எடுத்து, ஏற்கெனவே வசதி உள்ள இடத்துக்கு அனுப்பினால் போதும்.

அடுத்தது, ரேபிஸ் ஊசியின் குளிர்ச்சி. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது விதி. பேச்சிப்பாறைக்கு மேலே, படகில் போய் இறங்க வேண்டிய காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அப்படிக் கொண்டுபோவது எவ்வளவு பாடு என்று போனவர்களுக்குத் தெரியும். 2016-இல் தான்சானியா ஆய்வு ஒன்று, நாய்களுக்குப் போடும் ஒரு ரேபிஸ் ஊசி 25 டிகிரியில் ஆறு மாதம், 30 டிகிரியில் மூன்று மாதம் வைத்த பிறகும் வேலை செய்கிறது என்று காட்டியது. விலங்குகளுக்குப் போட்டு, ரத்தத்தில் எதிர்ப்பாற்றலை அளந்துதான் சொன்னார்கள். இதுவும் நாய் ஆராய்ச்சிதான். செல்வி அக்கா சொல்கிற 70 சதவீதத்தை எட்டவிடாமல் தடுக்கிற முட்டுக்கட்டைகளில் ஒன்றை அது நகர்த்துகிறது.

கருத்தடையும் அப்படித்தான். பிடித்து, மயக்கி, அறுத்து, தையல் ஆறும்வரை வைத்திருந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். எங்கள் சீனியர்கள் கை ஓயச் செய்தாலும் பிறக்கிற குட்டிகளுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. ஒரே ஊசியில் நிரந்தரக் கருத்தடை செய்யும் மருந்தைக் கண்டுபிடித்தால் இரண்டரைக் கோடி டாலர் தருவதாக 2008-இல் அமெரிக்காவில் மைக்கெல்சன் என்ற மருத்துவர் பரிசு அறிவித்தார். ஆராய்ச்சிக்காக அதற்கு மேலும் ஒதுக்கினார். அது மட்டும் கைக்கு வந்தால் முட்டத்து ஏலக்கூடத்தில் கூட்டம் குறையும் அண்ணே. நாய் நலம் என்று சொல்லும்போது எங்கள் மனதில் இருப்பது இதுவும்தான்.

கோட்டாறு செல்வி

மகளே, நீ சொன்னதில் லெப்டோ எனக்குப் பிடிபடுகிறது. காய்ச்சலும் மஞ்சள் கண்ணுமாக வந்து, சிறுநீர் வெளியேறாமல் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பரிசுக் கதை என் பக்கத்துக்குத்தான் உதவுகிறது. அவ்வளவு பெரிய பணம் வைத்தும் வராத மருந்துக்கு நம் சின்ன நிதி என்ன செய்யும்?

இன்னொரு பயமும் இருக்கிறது. ஆராய்ச்சி என்று கொடுத்த பணம் ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்டு என்று சாதி நாய் வளர்ப்பவர்களின் பிரச்சினைகளுக்குப் போய்விடும். வெளிநாட்டில் கோல்டன் ரெட்ரீவர் நாய்கள் மூவாயிரத்தைச் சேர்த்து ஆயுள் முழுக்கப் பின்தொடர்கிறார்கள், புற்றுநோய் ஏன் வருகிறது என்று. அங்கே அது சரி. இங்கே தெருவில் கிடக்கிற நாட்டு நாயை யார் எண்ணுகிறார்கள்?

விளைக்காரன், குலசேகரம்

அக்கா, நான் கேட்பதும் அந்த நாட்டு நாய்க்குத்தான். முற்றத்தில் கிடக்கும், சோறு போட ஆள் உண்டு, டாக்டரிடம் கொண்டுபோக ஆள் இல்லை. விலை கொடுத்து வாங்கிய நாய்க்கு மூன்று மாதம் உண்ணி அண்டாத மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறது. அதனால் மருந்து செய்கிறவர்களும் அந்தப் பக்கமே பார்க்கிறார்கள். நாட்டு நாயின் நோயைப் பார்க்க லாபம் தேடாத பணம் வேண்டும். அது நம்மைப் போன்றவர்கள் கொடுத்தால்தான் உண்டு. ராஜபாளையத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை, அந்தக் குட்டிகளில் காது கேளாமல் பிறப்பவை இருக்கின்றன என்று தெரிந்தும் சொல்கிறேன்.

வடசேரி வாசகன்

கோவாவைப் பற்றி ஒன்று. அதை வெறும் ஊசி போட்ட கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கையால் பிடித்தால் எத்தனை, வலையால் எத்தனை, தீனிக்குள் வைக்கிற வாய்வழி மருந்தென்றால் எத்தனை நாயை எட்டலாம் என்று அளந்து பார்த்தார்கள். எந்தத் தெருவில் விட்டுப்போயிற்று என்பதை மறுநாளே பார்த்துச் சரிசெய்தார்கள். அந்த அளவெடுப்புக்குப் பணம் கொடுத்திராவிட்டால் 70 சதவீதம் எட்டியதா என்றே தெரிந்திருக்காது. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி எப்படி நின்றது என்று செல்வி அக்காவுக்குத் தெரியாததல்ல. ஆட்டு மூளையில் செய்த அந்த மருந்துக்குப் பதிலாக செல் வளர்ப்பில் செய்த மருந்து வந்ததால்தானே!

கோட்டாறு செல்வி

வந்தது, ஒத்துக்கொள்கிறேன். அது மனிதர்களுக்கான மருந்து என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சரி, நான் கேட்பது இது. தனியாக ஆராய்ச்சிக்கென்று கொடுக்க நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நாய்களுக்கு ரேபிஸ் ஊசி முகாம் நடத்தக் கொடுங்கள். பிடித்த நாயிடமே ரத்தமும் உண்ணியும் எடுத்துக்கொள்ளட்டும், லெப்டோ வகையும் விளைக்காரர் கேட்கிற காய்ச்சலும் அதில் தெரியட்டும். ஒரே பிடி, இரண்டு வேலை. பாதிப் பணத்துக்குக் குறையாமல் கடிபட்டவர்களின் பஸ் காசுக்கும் கூலி நட்டத்துக்கும் ஒதுக்க வேண்டும். கண்டுபிடித்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒட்ட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் என் ஓட்டு உண்டு.

விளைக்காரன், குலசேகரம்

பாதி என்பது எனக்கு அதிகமாகத் தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கு என்றால் இப்போதே சரி என்பேன். முகாமோடு சேர்த்துச் செய்வதில் எனக்கு மறுப்பில்லை.

முட்டத்துக்காரன்

பாதிக்குக் குறையக் கூடாது. ஆராய்ச்சி என்ற தலைப்பில் ஓட்டுக்கு விட்டால் நான் எதிர்த்துத்தான் போடுவேன், மறைக்கவில்லை. ஆனால் முகாம் எங்கள் கடற்கரைக்கு வருவதாக இருந்தால் ஏலக்கூடம்தான் முதலில் இருக்க வேண்டும். வலை வீச ஆள் தருகிறோம். ஏலம் முடிந்த நேரத்துக்கு வாருங்கள், அப்போதுதான் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும்.

கால்நடை மாணவி, தக்கலை

அண்ணே, வலை பிடிக்கிறவர்கள் முன்கூட்டியே தங்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கடிபட்ட பிறகு போடுவது வேறு, இது வேறு. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று பெயர் கொடுத்தால், முகாமுக்கு ஒரு மாதம் முன்பே ஊசியைத் தொடங்கச் சொல்கிறேன்.